ஏழு தண்ணீர் அலசிய நார்த்தூள்

என் தம்பி இரண்டு வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சுவரைத்தான். அச்சகத்தை மூடியபோது அவனுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் மெஷின் போர்மேனாக இருந்தவன். மூடியதற்கு மறுநாள் காலை எழுந்தான், பல் தேய்த்தான், டீயை வாங்கிக்கொண்டான், கூடத்து நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். டி.வி. இருப்பது எதிர்ப்பக்கம்.

"ஏன்டா, அந்தச் சுவத்துல என்னடா ஓடுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஓடலக்கா. அதான் நல்லாருக்கு."

நான் தம்பி வீட்டோடுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரி லாண்டரியில் முப்பத்தோரு வருடம் வார்டுத் துணி வெளுத்துவிட்டு, என் வீட்டுக்காரர் போன பிறகு இங்கே வந்துவிட்டேன். தம்பி பெண்டாட்டி பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பேர் எழுதுகிறாள். காலை எட்டரைக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவாள். ஆகப் பகல் முழுக்க வீட்டில் நானும் அவனும் சுவரும்.

அப்படி இருந்தவன் ஒருநாள் செல்போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்கிறான் எவனோ ஒருத்தன். அடுக்கடுக்காகத் தட்டு, மேலே குழல் விளக்கு, கீழே பச்சைப் பசேல் என்று இலை.

"பாத்தியாக்கா? இதுவும் மெஷின் மாதிரிதான். எல்லாத்துக்கும் அளவு இருக்கு."

அவன் கண்ணில் வெளிச்சம் பார்த்து எனக்கு எத்தனை நாளாகிவிட்டது! "செய்டா, செய்டா," என்றேன். என்ன செய்யப் போகிறான் என்று எனக்குப் பாதி புரியவில்லை.

எங்கள் வீடு தரைத்தளம். குளியலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை சும்மா கிடந்தது. உடைந்த கதவு, பழைய பெயின்ட் டப்பா, யாருடையது என்றே தெரியாத ஒரு தொட்டில். அதைக் கேட்டு எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போனான். அந்த மனிதருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் டார்ச். பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட் இல்லாமல் வெளியே வரமாட்டார். எதைக் காட்டினாலும் அதன்மேல் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"தொண்ணூறு நாள் எடுத்துக்குங்க," என்றார். "தொண்ணூறாவது நாள் கமிட்டியா வந்து பாப்போம். பச்சையா ஏதாச்சும் நிக்குதுன்னா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா சைக்கிள் ஸ்டாண்டு. ஆறு பேரு மனு குடுத்திருக்காங்க, நான் என்ன பண்ண?"

அன்றிலிருந்து என் தம்பி காலை ஐந்தரைக்கு எழுந்தான். அவன் செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டி வெளிக்கதவு வரைக்கும் போவதைப் படுத்தபடியே கேட்பேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சத்தம்தான். கீரை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

முதலில், செடியை எதில் ஊன்றுவது என்ற பேச்சு வந்தது. மண் கிடையாது, சரி. ஆனால் விதைக்கும் ஒடித்து வைக்கிற தண்டுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் இல்லையா? சாப்பாட்டு மேஜைமேல் நாலு தட்டில் நாலு சரக்கைப் பரப்பினான். நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம், பெண் பார்க்க வந்த மாதிரி.

முதல் தட்டில் ராக்வூல் என்ற ஒன்று. பாறையை உருக்கி நூலாக்கியதாம், சின்னச் சின்னக் கட்டியாக வெட்டியிருந்தது. "பழைய மெத்தையப் பிச்ச மாதிரி இருக்கு," என்றேன். தம்பி பெண்டாட்டி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினாள். ஐந்து நிமிஷத்தில் விரலிடுக்கெல்லாம் அரிப்பு.

"ஏங்க, இத வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. நான் வர்றவங்க முன்னாடி சொறிஞ்சிட்டு உக்காந்திருக்கணுமா?"

"ஊற வச்சா அரிக்காதும்மா. புளிப்புத் தண்ணியில ஒரு நாள் ஊறணும். இல்லேன்னா அதுல இருக்கற காரத்துக்கு வேரு தாங்காது."

"அரிக்கிற சரக்குக்கு உபசாரம் வேறயா?" என்றேன். அது போயிற்று.

இரண்டாவது தட்டில் களிமண் உருண்டை. அதைப் பார்த்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய செடிக்குச் சரி, பொடி விதை அதன் சந்துக்குள் விழுந்துவிடும் என்றான் தம்பி. மூன்றாவது பெர்லைட், பொரிந்த வெள்ளைக் குருணை. ஊதினால் பறந்துவிடும். காற்றோட்டம் தரும், ஆனால் தண்ணீரைப் பிடித்து வைக்காது. நாலாவது, செங்கல் மாதிரி அழுத்திய தேங்காய் நார்த்தூள். அதை நான் மோந்து பார்த்தேன். மழை நனைத்த கயிற்று வாசனை.

"இதுக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"உப்பு. இதுல இயல்பாவே உப்பு இருக்கும். நல்லா அலசணும். அலசிட்டு ஒரு ராத்திரி கால்சியம் தண்ணியில ஊற வைக்கணும். நாருல ஒட்டிக்கிட்டிருக்கற மிச்ச உப்பக் கெளப்பி விட்டுட்டு, கால்சியம் அந்த எடத்துல போய் உக்காந்துக்கும். அப்புறம் மறுபடி அலசணும்."

அலசணும் என்று ஒரு வார்த்தை சொன்னான் பாருங்கள். முப்பத்தோரு வருடம் அலசியவளிடம்!

"அத எங்கிட்ட விடு," என்றேன்.

விதைக்குத் தனி நார்த்தூள், தண்டுக்குப் பாதி நார்த்தூள் பாதி பெர்லைட் என்று முடிவாயிற்று. அந்த அறையில் குழாய் இல்லை. எங்கள் குளியலறைக் குழாயில் ரப்பர் ட்யூபை மாட்டி ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் விட்டான். நல்லவேளை என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் வீட்டுக்குத் தண்ணீரை மிருதுவாக்கும் மெஷின் வந்திருந்தது. அதுவும் என் நச்சரிப்பால் வந்தது. இந்த ஊர்த் தண்ணீர் ஒரே சுண்ணாம்பு. கெட்டிலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிவு பிடிக்கும், சோப்பு நுரைக்காது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். லாண்டரியில் ஆள் உயரத்துக்கு அந்த மெஷின் இருந்தது. அந்தத் தண்ணீரின் அருமை எனக்குத்தான் தெரியும். "போட்டாத்தான் ஆச்சு," என்று ஒற்றைக்காலில் நின்றேன். குழாய்க்காரர் வந்து எல்லாக் குழாய்க்கும் மாட்டிவிட்டுச் சமையலறைக் குழாயை மட்டும் பழைய லைனிலேயே விட்டுவிட்டுப் போனார். குடிக்க அதுதான் நல்லது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நார்க்கட்டியை டிரம்மில் போட்டுத் தண்ணீரை விட்டதும் அது உப்பி உப்பி எழுந்து விளிம்பு வரைக்கும் வந்தது. கொசுவலைத் துணியில் அள்ளி மூட்டையாகக் கட்டி அலசினேன். முதல் தண்ணீர் டீ டிக்காஷன் மாதிரி இறங்கியது. இரண்டாவது தேன் நிறம். மூன்றாவது லேசான மஞ்சள். தம்பி பேனா மாதிரி ஒரு மீட்டரை வைத்திருந்தான். தண்ணீரில் முக்கினால் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று எண் காட்டும்.

"அக்கா, போதும். உள்ள விடற தண்ணி புள்ளி ஒன்பது, வெளிய வடியிறதும் புள்ளி ஒன்பது. நாருல இருந்து இனிமே எதுவும் வரல. சுத்தம்."

"நீ சும்மா இருடா. ஆபரேஷன் தியேட்டர் துணிக்கு நாங்க ஏழு தண்ணி விடுவோம்."

கால்சியத்தில் ஊற வைத்து எடுத்த பிறகும் ஏழு தண்ணீர் விட்டேன். இடுப்பு விட்டுப் போயிற்று. ஆனால் கையில் எடுத்துப் பிழிந்தால் நார்த்தூள் பஞ்சு மாதிரி, பூ மாதிரி. தம்பி அதைத் தட்டுக் குழிகளில் நிரப்பி, அழுத்தாமல், குழிக்கு ஒரு சாலட் கீரை விதை என்று இருநூறு வைத்தான். அச்சு மெஷினுக்குத் தாள் கோணாமல் விட்டவன் கை அல்லவா, ஒரு விதை கூடக் கோணவில்லை. பல் ஆஸ்பத்திரி வாசல் தொட்டியிலிருந்து தம்பி பெண்டாட்டி ஒரு கட்டுப் புதினா ஒடித்துக்கொண்டு வந்தாள். அதில் முப்பது தண்டை இன்னொரு தட்டில் ஊன்றினான்.

நாலாம் நாள் முளைத்துவிட்டது! நான் போய்ப் பார்த்தேன், இருநூறும் தலையைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. தம்பி அன்றைக்குச் சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

பத்தாம் நாளுக்கு மேல் பிடித்தது சனியன். இலை ஓரம் பழுப்பாகக் கருகியது. நடுவில் வருகிற குருத்து சுருண்டு சுருண்டு வந்தது, விரியவே இல்லை. புதினாத் தண்டுகள் கழுத்தைத் தொங்கப் போட்டன. தம்பி பெண்டாட்டி வேலைக்குப் போகும் முன் தினமும் ஒன்றைப் பிடுங்கி வேர் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

"ஆபரேஷன் பண்ணுனவங்கள தெனமும் தையல் பிரிச்சாம்மா பாப்பாங்க?" என்று கத்தினேன்.

"நான் பாக்கலேன்னா மட்டும் அது எந்திரிச்சு ஓடிடுமா அண்ணி?"

தம்பி மீட்டரை முக்கி முக்கிப் பார்த்தான். உரத் தண்ணீரைக் குறைத்தான், கூட்டினான். விளக்கை ஏற்றினான், இறக்கினான். கடைசியில், "நாருல இன்னும் உப்பு இருக்குக்கா. வேற கம்பெனி சரக்கு வாங்கணும்," என்றான். முப்பதாம் நாள் இருநூறும் குப்பைக்குப் போயின.

வேறு சரக்கு வந்தது. இந்தத் தடவை நான் பத்துத் தண்ணீர் விட்டேன். பத்து! கையெல்லாம் ஊறி வெளுத்துப்போய்ச் சுருங்கிவிட்டது. மீட்டர் அதே புள்ளி ஒன்பது. விதை வைத்தான், முளைத்தது, நான் வாயைக் கட்டிக்கொண்டேன், கண் பட்டுவிடும் என்று போய்ப் பார்க்கக்கூட இல்லை. பன்னிரண்டாம் நாள் மறுபடியும் அதே பழுப்பு, அதே சுருட்டல். வாடுகிறதே என்று நாளுக்கு இரண்டு தடவை அந்த ட்யூப் தண்ணீரையே ஊற்றி நாரை அலசி வடித்தோம். எவ்வளவு ஊற்றினோமோ அவ்வளவு சீக்கிரம் போயிற்று.

இதற்கு நடுவில் சமையலறை ஜன்னலில் ஒரு கூத்து. முதல் தடவை மிஞ்சிய நாலு புதினாத் தண்டைத் தம்பி பெண்டாட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். வெள்ளை வெள்ளையாக வேர் விட்டது. அலசாமல் மிஞ்சிக் கிடந்த நார்த்தூளில் இரண்டு கை அள்ளி, டீ வடிகட்டியில் போட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி அதில் நட்டாள். அது காடு மாதிரி வளர்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது.

"ஒழுங்கா அலசக்கூட இல்ல, அது எப்பிடி வளருது பாரு," என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன்.

தம்பி அந்தப் புதினாவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான்.

"அவ கை பட்டா வளருது. என் கை பட்டா கருகுது. அச்சாபீசும் என் கையில இருக்கறப்பதான மூடுச்சு?"

"பைத்தியம் மாதிரி பேசாதீங்க," என்றாள் அவள். "புதினா எங்க வச்சாலும் வரும்."

"முப்பது வச்சேனே. ஒண்ணு வந்துச்சா?"

அறுபத்தைந்தாம் நாள் இரண்டாவது இருநூறும் போயின. அதற்கப்புறம் காலையில் செருப்புச் சத்தம் கேட்டது, ஆனால் அறைக்குப் போய் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார்த்தால், வெறும் தட்டுகளுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சுவர்தான் மாறியிருந்தது.

எண்பத்திரண்டாம் நாள் குழாய்க்காரர் வந்தார். மெஷினுக்கு உப்பு நிரப்ப வேண்டிய நாளாம். தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி, வாயைக் கிழித்து, தொட்டிக்குள் கொட்டினார். சரசரவென்று வெள்ளை வெள்ளையாக உப்பு. லாண்டரியில் மாதா மாதம் பார்த்த காட்சிதான். ஆனால் அன்றைக்கு அந்தச் சத்தம் எனக்குள் எங்கேயோ போய் இடித்தது.

"ஏப்பா," என்றேன், "இந்த உப்பெல்லாம் மெஷினக் கழுவிட்டு சாக்கடைக்குத்தான போயிடும்?"

"மிச்சந்தான்மா சாக்கடைக்குப் போவும். வேண்டியத உள்ள புடிச்சு வச்சுக்கும். உங்க தண்ணியில வர்ற சுண்ணாம்ப அது வாங்கிக்கும், அதுக்குப் பதிலா உப்பக் குடுக்கும். சும்மா ஒண்ணும் வாங்காதும்மா அது. குடுத்துட்டுத்தான் வாங்கும்."

"அப்ப இந்தக் குழாயில வர்றது உப்புத் தண்ணியா?"

"நாக்குல தெரியற அளவு இல்ல. ஆனா இருக்கும். அதுக்குத்தான் சமயக்கட்ட விட்டு வச்சேன். ஏன்மா, என்னாச்சு? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சே?"

"ஒண்ணுமில்லப்பா," என்றேன். "டீ குடிச்சிட்டுப் போ."

அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சுண்ணாம்பு என்பது வேறென்ன? தம்பி ஒரு ராத்திரி ஊற வைத்து நாரில் ஏற்றினானே, அதே கால்சியம்தானே? அவன் ஏற்றியதை நான் ஏழு தண்ணீர் விட்டு இறக்கி, அந்த இடத்தில் உப்பை ஏற்றியிருக்கிறேன். போதாது என்று அடுத்த தடவை பத்து. அந்த மீட்டர் இருக்கிறதே, அது கூட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணும், யார் யார் என்று சொல்லாது. சுண்ணாம்பு போய் உப்பு வந்து உட்கார்ந்தாலும் அதே புள்ளி ஒன்பதுதான். கெட்டிலில் வெள்ளையாகப் பிடிக்கிறதே என்று நான் திட்டித் தீர்த்ததுதான் ஜன்னல் புதினாவை வளர்த்திருக்கிறது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எட்டு நாள் இருந்தது. நான் சொல்லவில்லை. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? பயம். இந்த வீட்டில் என்னைச் சோறு போட்டு வைத்திருக்கிற பிள்ளை, அவனுடைய ஒரே பிடிமானத்தை நான் என் கையால், அதுவும் இடுப்பு ஒடிய அலசி அலசி, கெடுத்திருக்கிறேன். அதை எந்த வாயால் சொல்வது? சாப்பாடு போடும்போது சொல்லலாம் என்று நினைப்பேன். அவன் முகத்தைப் பார்ப்பேன். கூட ஒரு கரண்டி போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

மூன்றாம் நாள் காலை அவன் தட்டுகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"குடுத்துடலாம்னு. யாராச்சும் கை ராசி உள்ளவங்க வச்சுக்கட்டும்."

அப்போது கொட்டிவிட்டேன். மெஷின், உப்பு, சுண்ணாம்பு, ஏழு தண்ணீர், பத்துத் தண்ணீர், இரண்டு நாள் மறைத்தது, எல்லாம். அழுதுகொண்டே சொன்னதில் முன்னுக்குப் பின்னாக வந்திருக்கும். அவன் கயிற்றைக் கையில் பிடித்தபடி கேட்டான்.

"அப்ப," என்றான் மெதுவாக, "என் கை இல்ல?"

"உன் கை இல்லடா. என் கை."

அவன் சிரித்தான். ஏதோ இருமல் மாதிரி ஆரம்பித்துச் சிரிப்பாக முடிந்தது. "ரெண்டு பேருமா சேந்து நானூறு செடிய ஊறுகா போட்டிருக்கோம்க்கா."

திட்டியிருந்தால் தேவலை. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்தான், டிரம்மை உருட்டினான். சமையலறையிலிருந்து பக்கெட் பக்கெட்டாக நானும் அவனும் தண்ணீர் தூக்கினோம். புது நாரை இரண்டே தண்ணீரில் அலசி, கால்சியத்தில் ஊற வைத்து, மறுநாள் வடித்து, எண்பத்தாறாம் நாள் மத்தியானம் இருநூறு விதை வைத்தோம். விரல் விட்டு எண்ணினால் நாலு நாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி பெண்டாட்டி சொன்னாள்: "ஏங்க, நாளைக்கு வர்றாங்க. முளைச்சாலும் கண்ணுக்குத் தெரியாது. அவரு பச்சையா ஏதாச்சும் நிக்கணும்னுதான சொன்னாரு? என் புதினாவத் தூக்கி உள்ள வச்சிடுங்களேன்."

"அது இங்க வளரல."

"யாரு கேக்கப் போறா?"

"நான் அடிக்காத தாள்ல நான் கையெழுத்துப் போட்டதே இல்லம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் குளிக்கப் போனதும் நான் அந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுபோய் நடுத்தட்டில், விளக்குக்கு நேர் கீழே வைத்துவிட்டு வந்தேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே மனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பத்து மணிக்கு டார்ச் வந்தார், பின்னால் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர். தட்டுகளுக்கு முன்னால் நின்று லைட்டை அடித்தார். இருநூறு குழியில் ஒரு அறுபது, எழுபது முளைத்திருந்தன. முளைத்தது என்றால், கழுத்து வளைந்தபடி, தலையில் விதைத்தோலை இன்னும் மாட்டிக்கொண்டு. இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் எல்லாம் தோலைக் கழற்றி, ஆளுக்கு இரண்டு இலை விரித்துப் பச்சையாக நின்றிருக்கும். இரண்டே நாள்.

"மூணு மாசத்துக்கு இதான் சார் வந்திருக்கா?" என்றார் டார்ச். அவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே வருத்தமாகத்தான் கேட்டார்.

தம்பி விளக்கினான். உப்பு, சுண்ணாம்பு, நாரில் எது உட்காருகிறது, எது எழுந்திருக்கிறது என்று. தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டோம், இனி வரும் என்று. அவர்கள் மூவரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் லைட் நடுத்தட்டுக்குப் போயிற்று.

"அட, இது நல்லா வந்திருக்கே! இத ஏன் சார் சொல்லல?" டார்ச் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து மோந்துகூடப் பார்த்தார். "புதினா. ஏ ஒன். பின்ன என்ன, பச்சைதான இது?"

தம்பி பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி அந்த டப்பாவைப் பார்த்தான், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தப் பார்வையில். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். கையைக்கூட எடுத்துக் கும்பிட்டேன்.

"அது இங்க வளந்ததில்லைங்க," என்றான். "சமயக்கட்டு ஜன்னல்ல வளந்தது. என் சம்சாரம் வளத்தது."

டார்ச் நிமிர்ந்தார். லைட்டை அணைத்தார். "நீங்க வாய மூடிட்டு இருந்திருந்தா நான் போயிருப்பேனே சார்," என்று தம்பிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கும் கேட்டது. "இப்ப இவங்க ரெண்டு பேரும் கேட்டுட்டாங்க. நான் என்ன பண்ண?"

யாரை என்ன சொல்வது? அவரும் நல்லவர்தான்.

புதன்கிழமை சைக்கிள் மாட்டும் கம்பி வந்து இறங்கியது. தட்டுகளைக் கூடத்து ஜன்னலடியில் கொண்டுவந்து வைத்தோம். விளக்கை மாட்ட அங்கே இடமில்லை. ஜன்னலில் வெயில் காலையில் ஒரு மணி நேரம் வரும், அப்புறம் எதிர்க் கட்டடம் மறைத்துவிடும். நல்ல தண்ணீர், நல்ல நார், இப்போது வெளிச்சம் இல்லை. நாற்றுகள் தோலைக் கழற்றி, வெளிச்சம் எங்கே எங்கே என்று ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து, வெளுத்த நூல் மாதிரி நீண்டுகொண்டே போகின்றன. ஒரு பக்கமே சாயாமல் இருக்கத் தினமும் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்று முதல் நாள் தம்பி சொன்னான். திருப்பி வைக்கிறேன். மறுநாள் அந்தப் பக்கம் சாய்கின்றன. இன்னும் கொஞ்சம் நீளமாகி.

மெஷினைக் கழற்றிவிடச் சொல்லிக் குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். தம்பி பெண்டாட்டி வேண்டாம் என்றாள். "இப்ப கழட்டி என்ன ஆகப் போவுது அண்ணி? முடியாச்சும் நிக்கட்டும்." அதுவும் சரிதான். என் தலைமுடி இப்போது உதிர்வதே இல்லை. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இன்றைக்கு வியாழன், கம்பி வந்து எட்டு நாளாகிவிட்டது. ஐந்தரை ஆயிற்று, செருப்புச் சத்தம் இல்லை. ஆறரை. ஏழு. தம்பி பெண்டாட்டி குளித்து, சாப்பிட்டு, கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து என்னிடம், "எழுப்பாதீங்க அண்ணி," என்று சொல்லிவிட்டுப் போனாள். டீயைப் போட்டு இறக்கினேன், ஆறியது, மறுபடி சுட வைத்தேன். கெட்டில் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. அதைச் சுரண்டாமல் விட்டு ஒரு வாரமாகிறது.

ஒன்பது மணிக்கு அவன் அறைக்கதவுக்கு வெளியே போய் நின்றேன். தட்டலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கியபடியே நிற்கிறேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. தூங்கி எழுந்த குரல் இல்லை. ரொம்ப நேரமாக முழித்துக் கிடந்த குரல்.

"அக்கா, தட்டத் திருப்பி வச்சியா?"

"வச்சுட்டேன்டா," என்றேன்.

வைக்கவில்லை. இன்றைக்கு மறந்துவிட்டேன். சத்தம் கேட்காமல் நடந்து கூடத்துக்குப் போய், ஒவ்வொரு தட்டாக, அந்த நூல் கழுத்துகள் ஒடியாமல், திருப்பி வைத்தேன்.